காலேஜ் மேட்ச்சை ஏன் டிவி காட்டல?

வேங்கிக்கால்ல இருந்து பேசுறேன். இன்னைக்கு பௌர்ணமி இல்லை, அதனால பின்னாடி வண்டிச் சத்தம் கம்மியா இருக்கும்.

போன வாரம் என் காலேஜ் ரூம்மேட் ஃபோன் பண்ணான். இப்போ ஓசூர்ல வேலை. 2017-ல எங்க ஜோனல் ஃபைனல்ல அஞ்சு விக்கெட் எடுத்தவன். "மச்சி, அந்த மேட்ச் வீடியோ உன்கிட்ட ஏதாவது இருக்கா?"ன்னு கேட்டான். அவன் அப்பா லாரி ஓட்டினவர், இப்போ உடம்புக்கு முடியாம வீட்டோட இருக்கார். பையன் பந்து போட்டு அவர் ஒரு தடவைகூட பார்த்ததில்லையாம். நான் பழைய ஹார்ட் டிஸ்க், மெயில் எல்லாம் துழாவினேன். கிடைச்சது ஒரே ஒரு போட்டோ. எல்லாரும் கோப்பையோட நிக்கிறோம். அதுலயும் அவன் முகத்தைப் பாதி கோப்பை மறைக்குது.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அமெரிக்காவுல காலேஜ் பேஸ்பால் ஃபைனலை டிவியில காட்டுறாங்களே, நம்ம ஊர்ல காலேஜ் மேட்ச் மட்டும் ஏன் வரலன்னு தேட ஆரம்பிச்சேன்.

அமெரிக்கக் கதை சின்னது. ஓமஹாங்கிற ஊர்ல 1950-ல இருந்து வருஷா வருஷம் காலேஜ் பேஸ்பால் இறுதிச் சுற்று நடக்குது. 1979 செப்டம்பர்ல இஎஸ்பிஎன் ஆரம்பிச்சாங்க. முழுநேர விளையாட்டு சேனல், ஆனா காட்டுறதுக்குப் பெரிய லீக் எதுவும் கையில இல்லை. நேரத்தை நிரப்பணும். 1980-ல ஓமஹாவுக்குக் கேமரா போச்சு. 1988-ல சிபிஎஸ் உள்ளே வந்தப்போ, டிவிக்கு வசதியா ஒரே ஒரு ஃபைனல் மேட்ச்னு போட்டியோட அமைப்பையே மாத்தினாங்க. 2003-ல அது மூணு மேட்ச் தொடரா மாறிச்சு. காலேஜ் பசங்க திடீர்னு நல்லா ஆட ஆரம்பிச்சதால கேமரா வரல. ஒரு சேனல்ல காலி நேரம் இருந்தது, அதனால வந்தது.

நம்ம கதை தலைகீழ். பல்கலைக்கழக கிரிக்கெட்டுக்கு ரோஹிண்டன் பாரியா கோப்பை 1935-லயே வந்தாச்சு, டிவிக்கு ரொம்ப முன்னாடி. தூர்தர்ஷன் டெல்லியில ஆரம்பிச்சது 1959, சென்னைக்கு வந்தது 1975. ரொம்ப காலம் இருந்தது ஒரே சேனல். செய்தி, வயலும் வாழ்வும், ஒலியும் ஒளியும் எல்லாம் அதுலயே வரணும். காலி நேரம்னு ஒண்ணு இருந்தாத்தானே காலேஜ் மேட்ச்சுக்குக் கொடுப்பாங்க? இந்திய அணி ஆடுற மேட்ச்சைக் காட்டுறதுக்கே அப்போ கிரிக்கெட் வாரியம்தான் தூர்தர்ஷனுக்குப் பணம் கட்டுச்சு. ஆமாங்க, வாரியம் கட்டுச்சு. இன்னைக்குக் கேட்டா ஜோக் மாதிரி இருக்கும்.

அதை உடைச்சது 1993 ஹீரோ கோப்பை. வங்காள கிரிக்கெட் சங்கம் ஒளிபரப்பு உரிமையை டிடபிள்யுஐங்கிற வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது. தூர்தர்ஷன் ஒத்துக்கல. வெளிநாட்டுக்காரங்க கொண்டுவந்த கருவிகளைச் சுங்கத்துறை பிடிச்சு வெச்சது. கேஸ் கல்கத்தா உயர் நீதிமன்றம், அங்கிருந்து உச்ச நீதிமன்றம்னு ஓடுச்சு. இந்தச் சண்டைக்கு நடுவுலதான் ஈடன் கார்டன்ல அந்த செமி ஃபைனல். கடைசி ஓவர்ல தென்னாப்பிரிக்காவுக்கு ஆறு ரன் தேவை, சச்சின் பந்து போட்டு மூணே ரன் கொடுத்தார். அப்பா அந்த ஓவரைப் பத்தி எனக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

1995 பிப்ரவரியில தீர்ப்பு. அலைவரிசைங்கிறது பொதுச் சொத்து, அரசு அதைத் தனக்கு மட்டும்னு வெச்சுக்க முடியாதுன்னு சொல்லிச்சு உச்ச நீதிமன்றம். 1885-ம் வருஷத்துத் தந்திச் சட்டத்தை வெச்சு ஓடிக்கிட்டிருந்த ஏகபோகம் அதோட ஆட்டம் கண்டுச்சு. நல்ல தீர்ப்பு, அதுல எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனா பொதுச் சொத்துன்னு சொன்ன அலைவரிசையில அடுத்து வந்தது ஏலம். 2023-ல இருந்து 2027 வரைக்குமான ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை மட்டும் 48,390 கோடி ரூபாய்க்குப் போச்சு. சேனல்கள் பெருகிச்சு, காலி நேரமும் வந்துச்சு. அந்த நேரத்துல பழைய இந்தியா–பாகிஸ்தான் மேட்ச்சைத் திரும்பத் திரும்பப் போட்டாங்க. பழைய டேப்பை ஓட்ட புதுசா கேமரா, ஆளு, வண்டி எதுவும் வேண்டாமே.

கும்ப்ளே, ஸ்ரீகாந்த், வெங்கட்ராகவன், அஷ்வின் எல்லாருமே நம்மள மாதிரி இன்ஜினியரிங் பசங்க. (அரியர் விஷயத்துல மட்டும் நம்மள மாதிரி இல்லைன்னு நினைக்கிறேன்.) இவங்க காலேஜ் டீமுக்கு ஆடுன ஒரு ஓவரையாவது டிவியில பார்த்தேன்னு சொன்ன ஆள் ஒருத்தரைக்கூட நான் சந்திச்சதில்லை.

பல்கலைக்கழக விளையாட்டுக்கு டிவி பெரிய அளவுல வந்தது 2020 பிப்ரவரியில, புவனேஸ்வர்ல நடந்த முதல் கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகள்ல. டூட்டி சந்த் 100 மீட்டரை 11.49 விநாடியில ஓடினதை வீட்ல உட்கார்ந்து பார்க்க முடிஞ்சது. இங்கே சேனலோட காலி நேரம் காரணம் இல்லை, அரசுத் திட்டம். மொத்தம் 17 விளையாட்டு. அதுல கிரிக்கெட் கிடையாது. அது நியாயம்தான், மத்த விளையாட்டுங்க காத்திருந்தது போதும். ஆனா இதுல ஒரு வேடிக்கை பாருங்க. கிரிக்கெட்டுக்குப் பணம் கொட்டிக் கிடக்கு, அதுல காலேஜ் இல்லை. காலேஜுக்கு அரசு கேமரா கொண்டுவந்துச்சு, அதுல கிரிக்கெட் இல்லை. என் ரூம்மேட் ரெண்டுக்கும் நடுவுல விழுந்தவன்.

இதைவிட வலிச்சது 2016. நாங்க மூணாவது வருஷம். டிஎன்பிஎல் முதல் சீசன். ஹாஸ்டல் டிவியில நத்தம் பக்கத்துல இருக்குற என்பிஆர் கல்லூரி மைதானத்தைக் காட்டுறாங்க. இன்ஜினியரிங் காலேஜ் கிரவுண்டு! வெள்ளை விளக்கு, கிரேன் கேமரா, கமென்ட்ரி எல்லாம் இருக்கு. கிரவுண்டு காலேஜோடது, மேட்ச் காலேஜோடது இல்லை. மெஸ்ஸுக்குப் போகாம உட்கார்ந்து பார்த்தோம். அவன் மட்டும் பிட்ச்சையே பார்த்துட்டு, "நம்ம பிட்ச்சும் இப்படித்தான்டா இருக்கும்"னான்.

டிஎன்பிஎல்லைக் குறை சொல்லல. சின்னப்பம்பட்டி நடராஜன் அந்த சீசன்ல போட்ட யார்க்கரை எல்லாரும் பார்த்தாங்க. அடுத்த ஐபிஎல் ஏலத்துல பத்து லட்சம் அடிப்படை விலை மூணு கோடியாச்சு. ஆர்க்கிடெக்ட்டா இருந்த வருண் சக்ரவர்த்தி 2018-ல மதுரைக்கு ஆடினார், அடுத்த ஐபிஎல்லுக்கு 8.4 கோடி. திறமை அவங்களோடதுதான். ஆனா அது கேமரா முன்னாடி நடந்தது.

எங்க ஊருக்கு லைவ்னா அது தீபம்தான். மலை உச்சியில ஏத்துறதை லட்சம் பேர் நேர்ல பார்க்குறாங்க. வர முடியாத பாட்டி டிவி முன்னாடி உட்கார்ந்து கன்னத்துல போட்டுக்குறாங்க. நேர்ல வர முடியாதவங்களுக்காகத்தானே அதுக்குக் கேமரா வைக்கிறோம்? ஜோனல் ஃபைனல் அன்னைக்கு அவன் அப்பா லோடோட நாக்பூர் பக்கம் இருந்தார்.

ரூம்மேட்டுக்குப் போட்டோவை அனுப்பிட்டு, வீடியோ இல்லடான்னு சொன்னேன். கொஞ்ச நேரம் கழிச்சு பதில் வந்துச்சு: ஞாயிற்றுக்கிழமை கம்பெனி டீமுக்கு டென்னிஸ் பால் மேட்ச் இருக்காம், யூடியூப்ல லைவ் போட ட்ரைபாட் வேணுமாம். சனிக்கிழமை பஸ்ல கிளம்புறேன், என்னோட ட்ரைபாடையும் இந்த மைக்கையும் எடுத்துக்கிட்டு. அதனால அடுத்த எபிசோட் ரெண்டு நாள் லேட்டா வரும், மக்களே.