விடுதியில் தங்கியே ஆகணுமா? மலாயாப் பல்கலைக்கழகம் சொல்லும் கதை

கிள்ளானில் கொமுட்டர் ஏறி, கேஎல் சென்ட்ரலில் எல்ஆர்டிக்கு மாறி, யுனிவர்சிட்டி ஸ்டேஷனில் இறங்கி, அப்புறம் டி789 பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். இந்த மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு அடித்தளம் போட்டவர்கள், மாணவர்கள் வளாகத்துக்குள்ளேயே குடியிருக்க வேண்டும் என்று நினைத்தவர்கள். இன்றைக்கு உள்ளே ஒரு கட்டில் கிடைப்பதே பெரும்பாடு. இது எப்படித் தலைகீழானது?

உள்ளேயே தங்க வேண்டும் என்ற விதி பிறந்தது இங்கிலாந்தில். ஆக்ஸ்போர்டில் அறை எடுத்துத் தங்கிய மாணவர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் ஓயாத அடிதடி. 15ஆம் நூற்றாண்டில், பொறுப்பாளர் ஒருவரின் கீழ் இயங்கும் விடுதியில்தான் தங்க வேண்டும் என்று அரசாணை வந்தது. ஆக, படிப்புக்காக வந்த விதி இல்லை. வம்பை அடக்க வந்த விதி. 1836இல் தொடங்கிய லண்டன் பல்கலைக்கழகம் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. அதைப் பார்த்து 1857இல் அமைந்த சென்னைப் பல்கலைக்கழகமும் தொடக்கத்தில் தேர்வு நடத்திப் பட்டம் கொடுத்ததோடு சரி. தமிழ்நாட்டில் உறைவிடப் பல்கலைக்கழகம் என்றே எழுந்தது 1929இல் சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக்கழகம்.

நமக்கு முக்கியமான ஆண்டு 1945. காலனி நாடுகளின் உயர்கல்வியை ஆராய்ந்த அஸ்குவித் குழு, அங்கே வரப்போகும் பல்கலைக்கழகங்கள் விடுதியோடு இருக்க வேண்டும் என்றது. வெளியே படிக்கத் தோதான வீடு இல்லை என்பது ஒரு காரணம். பல இனப் பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் பழகட்டும் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவது காரணத்தை மறந்துவிடாதீர்கள்.

1949இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் உருவானது. 1959இல் அதன் கோலாலம்பூர்ப் பிரிவு பந்தாய் பள்ளத்தாக்குக்கு வந்தது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து அதிகத் தூரமில்லை. முதலாம் குடியிருப்புக் கல்லூரியும் அதே ஆண்டுதான். பெயர்தான் கல்லூரி, அங்கே பாடம் நடக்காது. சாப்பாடு, தூக்கம், விளையாட்டு, கலைநிகழ்ச்சி. மேலே ஒரு பெங்கெத்துவா (பொறுப்பாளர்), அவருக்குக் கீழே ஃபெலோக்கள். அப்படியே ஆக்ஸ்போர்டு வாசனை! பின்னால் இன்னும் பல கல்லூரிகள் எழுந்தன.

இனங்கள் பழகினவா? 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, மாணவர்களின் வளாக வாழ்க்கையை ஆராய டாக்டர் மஜித் இஸ்மாயில் தலைமையில் அரசாங்கம் குழு அமைத்தது. வளாக வாழ்க்கை என்று ஆரம்பித்த அந்த 1971 அறிக்கை இன்றும் பேசப்படுவது வேறொன்றுக்காக: நாட்டின் இன விகிதம் ஒவ்வொரு துறையின் மாணவர் சேர்க்கையிலும் தெரிய வேண்டும் என்ற பரிந்துரை. யார் யாரோடு தங்குவது என்ற கேள்வி, யார் உள்ளே வருவது என்று மாறிப்போனது.

பிறகு மாணவர் தொகை பெருகியது. கட்டில் அந்த வேகத்தில் பெருகவில்லை. முதலாண்டு மாணவர்களுக்கு இடம் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டிலிருந்து மெரிட் புள்ளி பார்க்கும் வழக்கம் வந்தது. கோத்தோங் ரோயோங், ஓட்டப்பந்தயம், நாடகம் எல்லாவற்றுக்கும் புள்ளி. நல்ல நோக்கம்தான். ஆனால் வார இறுதியில் வேலைக்குப் போய்க் கைச்செலவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை எப்போது ஓடி, எப்போது நடிப்பது? புள்ளி குறைந்தால் கெரிஞ்சியிலோ பிரிவு 17இலோ வாடகை அறைதான்.

கட்டாயம் என்றாலே எனக்குக் கொஞ்சம் கசப்பு. ஆனாலும், வீட்டில் தனி அறை இல்லாத பிள்ளைக்கு 1945இல் சொன்ன முதல் காரணம் இன்றும் அப்படியே பொருந்துகிறது. அதனால் கிள்ளான் பக்கத்துப் பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன்: முதலாண்டில் விடுதி இடம் வந்தால், "வீடு பக்கத்தில்தானே" என்று நினைத்து, வேண்டாமென எழுதிவிடாதீர்கள். பிள்ளைகளே, சேர்ந்த முதல் வாரமே மெரிட் கணக்கை விசாரித்துவிடுங்கள். கலந்துகொண்ட ஒவ்வொரு நிகழ்ச்சியின் சான்றிதழையும் பத்திரமாக வைத்திருங்கள்.