என் இனிய இயந்திரா: பலமும் பலவீனமும்



தமிழில் அறிவியல் புனைகதை என்றதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது எழுத்தாளர் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’ நாவல். 1980களில் ‘ஆனந்த விகடன்’ இதழில் வாரத் தொடராக வெளிவந்து, தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் ஒளியேறியது. ‘மீண்டும் ஜீனோ’ அதன் தொடர்ச்சி.

கதை நடப்பது 2021, 2022ஆம் ஆண்டுகளில். இந்தியாவை ஜீவா என்ற சர்வாதிகாரி ஆள்கிறார். மக்களின் பெயர்கள் இரண்டெழுத்தாகச் சுருக்கப்பட்டுள்ளன. எல்லாருக்கும் அரசாங்க எண் உண்டு. குழந்தை பெற அனுமதி வேண்டும். முதியவர்களுக்கு அந்த நாட்டில் இடமில்லை. இந்தச் சூழலில் நிலா என்ற இளம்பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவனைத் தேடிப் புறப்படும் நிலாவுக்குத் துணை, ஜீனோ என்னும் இயந்திர நாய்க்குட்டி.

நாவலின் பலம்

முதல் பலம் ஜீனோதான். அது குரைப்பதைவிடப் பேசுவது அதிகம். பேசுவதைவிடப் படிப்பது அதிகம். நூல்களைப் படிக்கப் படிக்க, கட்டளைக்குக் கீழ்ப்படியும் பொம்மை சுயமாகச் சிந்திக்கும் உயிராக மாறிவிடுகிறது. இயந்திரம் சிந்தித்தால் அதற்கும் உணர்வு உண்டா என்ற கனமான கேள்வியை ஆசிரியர் பிரசங்கம் செய்யாமல், ஒரு நாய்க்குட்டியின் குறும்பிலேயே சொல்லிவிடுகிறார். ஜப்பானின் சோனி நிறுவனம் ‘ஐபோ’ இயந்திர நாயை விற்பனைக்குக் கொண்டு வந்தது 1999இல். தமிழ் வாசகர்கள் அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே அப்படி ஒன்றுடன் பழகிவிட்டார்கள்.

இரண்டாவது பலம், ஆட்சியாளரைப் பற்றிய கற்பனை. மக்கள் தொழுது நிற்கும் ஜீவா இரத்தமும் சதையுமான மனிதர் அல்ல, ஒளியால் உண்டாக்கப்பட்ட பிம்பம். ஆள் இல்லாமலே ஓர் ஆட்சி நடக்கலாம், பிம்பத்தை நம்ப மக்கள் தயாராக இருந்தால் போதும் என்பதே நாவலின் மையக் கருத்து. கணினியால் போலிக் காணொளி தயாரிக்கப்படும் இக்காலத்தில் இதன் பொருள் இன்னும் கூடியிருக்கிறது.

மூன்றாவது பலம் நடை. சுஜாதா (1935–2008) பொறியாளர். பெங்களூரு பாரத் மின்னணு நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் பங்கு பெற்றவர். கணினி என்ற சொல்லே பலருக்குப் புதிதாக இருந்த நேரத்தில், அதன் செயல்பாட்டைப் பாமரரும் புரிந்துகொள்ளும் சின்னஞ்சிறு வாக்கியங்களில் எழுதிக் காட்டினார்.

நாவலின் பலவீனம்

வாரத் தொடர் என்பதால் ஒவ்வோர் அத்தியாய முடிவிலும் ஒரு முடிச்சு விழுந்தாக வேண்டும். அடுத்த வாரம் அது அவசரமாக அவிழ்கிறது. நிலா ஆபத்தில் சிக்கும் போதெல்லாம் ஜீனோ தன் மூளையால் மீட்டுவிடுகிறது. இதனால் நிலாவின் துணிச்சல் வளர வேண்டிய இடங்களில் நாய்க்குட்டியின் சாமர்த்தியமே வளர்கிறது. ‘மீண்டும் ஜீனோ’வில் அவள் ராணியாக அமர்ந்தும், அதிகாரம் ரவி, மனோ இருவரின் கையில் இருப்பது இதன் நீட்சிதான்.

சிபிக்கு நேர்ந்த கதி இன்னும் வருத்தத்திற்குரியது. அவனைத் தேடுவதே கதையின் தொடக்கம். ஆனால் அரண்மனைச் சதி விறுவிறுப்பாகும்போது வாசகரின் மனத்திலிருந்து சிபி மெல்ல நழுவிவிடுகிறான். சாகச வேகத்திற்கு ஒரு மனைவியின் துயரம் விலையாகிவிட்டது.

ஜார்ஜ் ஆர்வெல் எழுதி 1949இல் வெளிவந்த ‘1984’ நாவலைப் படித்தவர்களுக்கு எங்கும் நிறைந்த தலைவரும், கண்காணிக்கும் அரசும் பழகிய சரக்காகத் தோன்றலாம். எலும்புக்கூடு அங்கே இருந்தாலும் ஜீனோவின் சிரிப்பு தமிழுக்கே உரியது என்பதையும் சொல்லியாக வேண்டும். உழைப்பாளியின் வாழ்க்கை போதிய அளவு காட்டப்படவில்லை என்பது வேறொரு குறை. அத்தனை இயந்திரங்களையும் செய்பவர் யார், சோற்றுக்கு நெல் விளைவிப்பவர் யார் என்று ஒரு தோட்டத் தொழிலாளியின் பிள்ளை கேட்டால் நாவலில் நிறைவான பதில் கிடைக்காது.

கெடாவில் படிக்கும்போது

சுங்கைப் பட்டாணியின் பாக்கார் ஆராங் வட்டாரத்தில் இந்நாவலைப் படிப்பவருக்கு ஒரு தனி அனுபவம் கிடைக்கும். கரி எரிப்பதைக் குறிக்கும் மலாய்ப் பெயர் கொண்ட அந்த இடத்தில் இன்று தொழிற்பேட்டை இருக்கிறது. பால்மரம் சீவிய தாயின் மகள் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு இயந்திர உலகம் தூரத்துக் கற்பனை அல்ல.

அதைவிட நெருக்கமானது எண்ணைப் பற்றிய பகுதி. மலேசியாவில் ‘மைகாட்’ அட்டை 2001இல் அறிமுகமானது. அதிலுள்ள 12 இலக்க எண்ணின்றிப் பள்ளி, மருத்துவமனை, வங்கி எதுவும் சுலபமில்லை. எண்ணுக்குள் அடைபட்ட மனிதர்களைப் பார்த்து சுஜாதா அஞ்சினார். தோட்டப்புறத் தமிழரின் துயரமோ அதற்கு நேர்மாறானது: எண்ணே கிடைக்காத துயரம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளையோடு பதிவு அலுவலகத்திற்கு அலைந்த தாய்மாரும், இந்த மண்ணிலேயே பிறந்தும் சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்களும் அதற்குச் சாட்சி. நாவலில் பதிவிலிருந்து அழிக்கப்படுவது தண்டனை. இங்கே பலர் பதிவில் ஏறாமலே வாழ்ந்து முடித்தார்கள். அடையாளத்தைக் கொடுப்பதும் மறுப்பதும் ஒரே கை என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

இந்தக் கதையை மலேசியத் தமிழ் எழுத்தாளர்தான் எழுத முடியும். சுங்கைப் பட்டாணி எழுத்தாளர் கே. பாலமுருகன் ‘மர்மக் குகையும் ஓநாய் மனிதர்களும்’ போன்ற சாகச நாவல்களைச் சிறுவர்களுக்காக எழுதியிருக்கிறார். அந்த வாசகர்கள் வளர்ந்து பேனா பிடிக்கும்போது, லயத்து வாசலில் ஒரு ஜீனோ நின்று, பாட்டியின் காணாமல் போன பத்திரத்தைத் தேடக்கூடும்.

குறைகளைக் கடந்தும் ‘என் இனிய இயந்திரா’ பிள்ளைகளின் கையில் இருக்க வேண்டிய நூல். பெற்றோரும் ஆசிரியர்களும் அதைப் படிக்கக் கொடுக்கலாம். படித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “உன் பெயரை யாராவது பதிவிலிருந்து அழித்துவிட்டால், நீ யார் என்று எப்படி நிரூபிப்பாய்?”