நல்லேறு தேர்தல்

மந்தாரக்குப்பத்துத் தமிழ்ப் பெருமக்களே!

2017-ஆம் ஆண்டு தைத் திங்களில் ஏறுதழுவலுக்காகத் தமிழிளைஞர் சென்னைக் கடற்கரையில் திரண்டனர், தடை நீங்கிற்று. ஆயினும் ஏறு காத்தல் வேறு. நல்லேறு தேர்தல் வேறு. பின்னது தெரியாதார் கையில் முன்னதும் நிலையாது.

ஓர் ஆ ஆண்டுக்கு ஒரு கன்றே ஈனும். பொலிகாளையோ ஊர்க்கன்றுகள் பலவற்றிற்குத் தந்தையாகும். அதன் குறை ஊரின் குறையாகும்.

காங்கேயக் காளையைக் கொள்வோம். திமிலும் கொம்பும் கண்ணைக் கவரும், அவற்றில் மயங்கற்க. முதலிற் காலைக் காண்க: நேராக ஊன்றி நடக்கின்றதா? குளம்புகள் விரியாமல் இறுகியுள்ளனவா? பின்னர், விதைகள் இரண்டும் ஒத்துப் பருத்துள்ளனவா? சிறுத்த விதை சினைபிடிப்பைக் குறைக்கும். காங்கேயக் கன்று செந்நிறமாய்ப் பிறந்து, ஏறத்தாழ ஆறு திங்களில் சாம்பல் நிறமுறும். இளங்கன்றின் நிறங்கண்டு கழித்தல் அறியாமை. சுழி பார்த்து விலக்குதல் அதனினும் பேரறியாமை. மயிர்ச்சுழி எக்கன்றையும் கெடுப்பதில்லை.

இறுதிச் சான்று கால்வழியே. பழையகோட்டைப் பட்டக்காரர் குடியினர் கடந்த நூற்றாண்டில் காங்கேய இனத்தைப் பேணியது வழிவழித் தேர்வாலேயே. இங்கு, மண்ணை அகழ்ந்த பின்னரன்றோ நிலக்கரியைக் காண்கின்றோம்? ஏற்றின் உள்ளீட்டை அதன் கன்றுகளே காட்டும்.

எக்காளைக்கு எக்கன்று பிறந்தது என ஊர்தோறும் ஏட்டில் எழுதுக! அதன் பெண்கன்றுகள் பருவமெய்துமுன் காளையை மாற்றுக! மரபு முழக்கத்தால் நிலையாது, தேர்வால் நிலைக்கும்.