பற்றவைத்த வாரமும் பத்தாம் ஆண்டும்



தலைமையுரை என்றால் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து சொல்வது வழக்கம். நான் நேராக 2013 ஆகஸ்டு 19-க்குப் போய்விடுகிறேன். அன்று மாலை ஸ்ரீஹரிகோட்டாவில் ஜிஎஸ்எல்வி-டி5 ஏவுகலம் புறப்பட வேண்டும். ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரம் இருக்கும்போது கவுண்ட்டவுனை நிறுத்தினார்கள். இரண்டாம் கட்டத் தொட்டியிலிருந்து எரிபொருள் கசிந்துகொண்டிருந்தது. அந்தத் தொட்டி அஃப்நார் 7020 என்னும் அலுமினியம்-துத்தநாகம்-மக்னீசியக் கலவையில் செய்தது. நாளாக ஆகத் தகைவு அரிப்பு விரிசலுக்கு இடங்கொடுக்கும் கலவை அது. 2219 என்னும் அலுமினியம்-செம்புக் கலவையில் செய்த தொட்டியுடன் புதிய இரண்டாம் கட்டத்தைப் பொருத்தி, 2014 ஜனவரி 5-இல் அதே ஏவுகலத்தை வெற்றிகரமாக ஏவினார்கள்.

7020-ஐத் தேர்ந்தவர்கள் விவரம் அறியாதவர்கள் அல்லர். வெல்டிங் தெரிந்த எவரையும் மயக்கக்கூடிய கலவை அது. நம் பட்டறைகளில் புழங்கும் 6061-ஐப் பாருங்கள். டி6 நிலையில் ஏறக்குறைய 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கும் தகடு. பற்றவைத்தபின் அந்த இணைப்புக்கு அமெரிக்க விதிநூல் கேட்கும் குறைந்த அளவு 165தான். வெல்டின் சூடு, தகட்டை வலுவாக்கியிருந்த நுண்படிவுகளைக் குலைத்துவிடுகிறது. மறுபடி உலையில் வைத்தால்தான் மீளும். அவ்வளவு பெரிய உலைக்கு எங்கே போவது? 7020-க்கு அந்தக் கவலை கிடையாது. பற்றவைத்துச் சும்மா விட்டாலே போதும். அறை வெப்பத்தில் துத்தநாகமும் மக்னீசியமும் மெல்லத் திரண்டு, சில வாரங்களில் இழந்த வலிமையின் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடும்.

வலிமையைத் தந்த அதே துத்தநாகமும் மக்னீசியமும்தான் வம்பையும் கொண்டுவருகின்றன. உருகிய பகுதியின் எல்லையை ஒட்டிய ஒரு மெல்லிய பட்டையில் அவை உலோக மணிகளின் எல்லைகளில் வரிசையாகப் படிகின்றன. அதன் இருபுறமும் படிவே இல்லாத மென்மையான வெளி. ஈரம் பட்டால் அரிப்பு அந்த வழியாகவே ஓடும். வெளிச்சுமை எதுவும் ஏற்றாவிட்டாலும், வெல்டு ஆறிச் சுருங்கும்போது உள்ளே பூட்டிவைத்த தகைவு விரிசலைத் திறக்கப் போதுமானது. பற்றவைத்த வாரத்தில் இழுத்துப் பாருங்கள், வளைத்துப் பாருங்கள், எக்ஸ்ரே எடுங்கள். எல்லாவற்றிலும் தேறும்; விரிசல் ஆண்டுகள் கழித்துக்கூட வரலாம்.

துத்தநாகமே வேண்டாம், 5083 போன்ற கடல்சார் கலவைகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, நல்லவைதான். ஆனால் மக்னீசியம் மூன்று விழுக்காட்டைத் தாண்டிய கலவைகள் 65 பாகை செல்சியசுக்கு மேல் நெடுநாள் கிடந்தால் அவற்றின் மணி எல்லைகளிலும் படிவு சேரும். அமெரிக்கக் கடற்படையின் டிகாண்டெரோகா வகைப் போர்க்கப்பல்களின் மேற்கட்டுமானம் 5456 கலவை. ஆண்டுக்கணக்கில் வெயிலும் உப்பும் பட்டு அதில் விரிசல்கள் விழுந்தன. விரிசலை வெல்டு வைத்து அடைத்தால், புதிய வெல்டின் சுருக்கத்தைப் பழுதான தகடு தாங்காமல் பக்கத்திலேயே இன்னொன்று பிளக்கும். அங்கே பழுது வெல்டுக்குள் இல்லை, அதைச் சுற்றியிருந்த தகட்டில் இருந்தது. ஒரு துண்டை நைட்ரிக் அமிலத்தில் ஒரு நாள் ஊறவைத்து எடைபோட்டாலே தகட்டின் நிலை தெரிந்துவிடும். சதுர செண்டிமீட்டருக்கு 15 மில்லிகிராமுக்குள் இழந்தால் நல்ல தகடு, 25-க்கு மேல் போனால் ஆபத்து. இவ்வளவு எளிய சோதனை பழுதுபார்க்கும் ஒப்பந்தங்களில் எத்தனை இடங்களில் கேட்கப்படுகிறது என்று இங்குள்ள ஆலைக்காரர்கள் சொல்லட்டும்.

நம் கட்டுரைகளைப் பற்றியும் ஒரு சொல். 1991-இல் இங்கிலாந்தின் டிடபிள்யூஐ நிறுவனத்தில் பிறந்த உராய்வுக் கலக்கல் முறை நமக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. பிடிக்க வேண்டியதுதான், உலோகம் உருகுவதில்லை, வாயுத் துளை விழுவதில்லை. ஆனால் சூடு உண்டு, சூடு பாதித்த பகுதி உண்டு, செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவைகளில் அரிப்பு முதலில் கடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். தகைவே ஏற்றாத துண்டை உப்புத் தூவல் பெட்டியில் வைத்து எடுத்து, "சிறந்த அரிப்பு எதிர்ப்பு" என்று முடிவுரை எழுதும் கட்டுரைகளைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது.

தகைவேற்றிய வெல்டுத் துண்டுகளைக் கடற்காற்றில் தொங்கவிட வேண்டும். அதற்கு நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனமான சிக்ரியின் சோதனை நிலையம் மண்டபத்தில் கடலோரத்திலேயே இருக்கிறது. முனைவர் பட்ட மாணவரின் காலம் நான்கைந்து ஆண்டுதான், விரிசலோ அவர் போனபின்பும் வரலாம் என்பது உண்மையான சிக்கல். ஆகவே துண்டுகளை மாணவர் பெயரில் அல்லாமல் துறையின் பெயரில் தொங்கவிட்டு, ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் அளக்கும் ஏற்பாடு வேண்டும். இந்த மாநாட்டின் தீர்மானமாக அதை முன்மொழிகிறேன்.

நிகழ்ச்சி நிரலில் பிற்பகல் இணைப்பு வலிமைக்கு ஓர் அரங்கும், அதே நேரத்தில் அரிப்புக்கு வேறோர் அரங்கும் ஒதுக்கியிருந்தார்கள். இரண்டையும் இந்த அரங்கிலேயே, கட்டுரை மாற்றிக் கட்டுரையாக நடத்தும்படி காலையில் கேட்டுக்கொண்டேன், அமைப்பாளர்கள் இசைந்தார்கள். அதனால் தேநீர் இடைவேளை பத்து நிமிடம் குறைகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.