இயக்க விதிகளும் நெய்வேலி மண்ணும்

(நெய்வேலி நகரியத்தில் தொழிலாளரும் மாணவரும் கூடிய அவைக்குரிய உரை)

 

இயக்கவியல் என்றவுடன், ஆங்கிலத்தில் மட்டுமே விளங்கத்தக்க அரும்புதிர் அது என எண்ணி ஒதுங்குவோர் இன்றும் உளர். ஐசக் நியூட்டன் மூன்று இயக்க விதிகளையும் தம் பெருநூலில் வெளியிட்டது 1687-இல். அந்நூலை அவர் எழுதியது ஆங்கிலத்திலன்று; இலத்தீனில்! ஆங்கிலேயர் அதனைத் தம் மொழியில் பெற்றது 1729-இல்தான். அவர்கள் தம் மொழியில் ஆக்கிக்கொண்டதை நாம் நம் மொழியில் ஆக்கிக்கொள்ளத் தடை என்ன?

முதல் விதியைப் பாருங்கள். புறத்தேயிருந்து ஈடுசெய்யப்படாத விசை தாக்காதவரை, நிற்கும் பொருள் நின்றுகொண்டே இருக்கும். ஓடும் பொருள் நேர்கோட்டில் ஒரே விரைவில் ஓடிக்கொண்டே இருக்கும். இப்பண்பே நிலைமம். ஓடும் பேருந்தினின்று குதிப்பவனின் கால் நிலத்தில் நின்றுவிடுகிறது. உடல் முன்னோக்கியே ஓடுகிறது. அதனாற்றான் அவன் குப்புற வீழ்கிறான்.

நிற்கும் பொருளின்மேல் விசையே இல்லையென்று கருதற்க. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிப் படுகையின் அடியில், ஊற்றுநீர் பேரழுத்தத்தோடு மேல்நோக்கி உந்திக்கொண்டிருக்கிறது. மேலே கிடந்த மண்ணின் எடை அதனை அமுக்கி நின்றது. இரண்டும் ஈடாய் நின்றமையால் நிலம் அமைதியாய்க் கிடந்தது. 1957-இல் அகழ்வு தொடங்கி, மேன்மண்ணை அகற்ற அகற்ற அவ்வீடு குலையலாயிற்று. சுரங்கத் தரையை நீர் பிளந்து வெளிப்படாதவாறு, ஆழ்கிணறுகள் இறக்கி, அல்லும் பகலும் நீரிறைத்து, அழுத்தத்தைத் தணித்த பின்னரே 1961-இல் கரியின் முகம் காண முடிந்தது. விசைகளின் ஈட்டை அறியாதார் தோண்டியிருப்பின் சுரங்கம் குளமாகியிருக்கும்!

இரண்டாம் விதி யாது? விசை மிகின் முடுக்கம் மிகும். ஒரே விசைக்கு, நிறை மிகின் முடுக்கம் குறையும். ஒரே விரைவில் வரும் சுமையுந்தின் நிறை இருமடங்காயின், அதே தடைவிசையில் அது நிற்க இருமடங்கு தொலைவு வேண்டும். விரைவே இருமடங்காயினோ, நான்மடங்கு தொலைவு வேண்டும்! சுமையுந்தின் குறுக்கே மிதிவண்டியைத் திருப்பும் இளைஞன் இக்கணக்கை அறிந்திருந்தால் அவன் தாய் கண்ணீர் விடாள்.

மூன்றாம் விதி: ஒவ்வொரு வினைக்கும் அளவில் ஈடான, திசையில் மாறான எதிர்வினை உண்டு. இவை இரண்டும் இருவேறு பொருள்களின்மேல் செயற்படுவன. ஆகவே ஒன்றையொன்று அழிப்பதில்லை. வாளிகள் பொருந்திய பேராழி அகழ்பொறி மண்ணைக் கடிக்கும்போது, மண்ணும் அதனை அதே அளவு எதிர்த்துத் தள்ளுகிறது. அத்தள்ளலைத் தாங்கவே அப்பொறிக்குப் பேரெடையும் அகன்ற அடித்தாங்கிகளும் வேண்டியுள்ளன. நாம் நடப்பதும் இவ்விதியாலேயே. கால் நிலத்தைப் பின்னுக்குத் தள்ள, நிலம் நம்மை முன்னுக்குத் தள்ளுகிறது. மழைநாளில் களிமண் வழுக்குவது ஏன்? காலுக்கு அங்குப் போதிய பிடிப்பில்லை. தள்ள இயலாத காலை நிலமும் தள்ளாது.

இத்துணையும் சொல்லத் தமிழ் எங்கேனும் தடுமாறிற்றா? முடுகு என்னும் வேரினின்று முடுக்கம் பிறந்தது. உந்து என்பதினின்று உந்தம் பிறந்தது. ஈழத்துத் தமிழர் ஆர்முடுகல், அமர்முடுகல் என இன்னும் நுட்பமாய்ப் பகுத்துரைப்பர். சொல்லைக் கேட்ட அளவிலேயே பொருள் விளங்குகிறதன்றோ!

பொறிகளிடையே உழைப்போர்க்கு இது வெறும் மொழிப்பற்றன்று, உயிர்க்காப்பு. புரியாத மொழியில் உருவிட்ட விதி தேர்வுத்தாளோடு மடியும். தாய்மொழியில் உள்ளத்தில் ஊன்றிய விதி, இடர் நேரும் நொடியில் கையையும் காலையும் காக்கும். எனவே பணியிடம் எதுவாயினும், காப்பு அறிவுரைகள் உழைப்பவனின் மொழியில் இருத்தல் வேண்டும். அதனைக் கேட்டுப் பெறுங்கள். இன்றே உங்கள் பிள்ளைகளுக்கு இம்மூன்று விதிகளையும் தமிழில் விளக்குங்கள்.

நின்ற பொருள் தானே நகராது, விசை வேண்டும். தமிழர் நிலையும் அதுவே!

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!