வீட்டுக் காற்றும் அடுப்புப் புகையும்

(கொல்லிமலை வளப்பூர் நாட்டில், கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில், கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய பிரசங்கம்)



கடன், தவணை, வசூல் என்னும் மூன்று சொற்களைத் தவிர வேறொன்றும் அறியாதவன் இன்ஸ்பெக்டர் என்று நீங்கள் எண்ணியிருக்கலாம். அம்மூன்றையும் இன்று ஒரு புறம் வைத்துவிட்டு, நாம் உண்ணும் சோற்றைக் காட்டிலும் அதிகமாக நாள்தோறும் உட்கொள்ளும் ஒரு பொருளைக் குறித்துப் பேச வந்திருக்கிறேன். அப்பொருள் காற்று. ஒருவன் ஒரு நாளில் சுவாசிக்கும் காற்றை நிறுத்துப் பார்க்கக் கூடுமானால், அது 10 கிலோவுக்கு மேல் இருக்கும்.

மலைக்காற்று நல்ல காற்றாயிற்றே, அதைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழாவுக்கு வருகிறவர்கள் ஆகாயகங்கையில் நீராடி, அறப்பளீசுவரரைத் தரிசித்து, இக்காற்றைப் புகழ்ந்துகொண்டே மலையிறங்குகிறார்கள். அவர்கள் புகழ்வது வெளிக்காற்றை. மார்கழி மாதத்து விடியற்காலையில் நம்முடைய சமையலறைக்குள் ஒரு நாழிகை உட்கார்ந்து பார்த்தவர் அவர்களுள் எவருமில்லை.

நான் உட்கார்ந்து பார்த்தேன். சங்கக் கடனைக் கொண்டு புதிதாய்த் தளம் போட்ட ஒரு வீட்டைத் தணிக்கை செய்யச் சென்றிருந்தேன். சுவரின் நீள அகலத்தை அளந்தேன்; தளத்தின் கனத்தைக் குறித்துக்கொண்டேன். அடுப்பண்டை இருந்த மூதாட்டியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, பழைய வீட்டில் புகை கூரை வழியாய்ப் போய்விடும். இந்த வீட்டில் அது எங்களோடேயே குடியிருக்கிறது." அந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கலாம் என்று சிபாரிசு எழுதியவன் நானே. புகை எவ்வழியாய் வெளியேறும் என்று நான் அப்போது கேட்கவில்லை. கேட்கும்படியான இடம் மனுப் படிவத்திலும் இல்லை.

அவர் கூற்றில் ஒரு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது. சூடேறிய காற்று இலேசானது. ஆகையால் மேலே எழும். புல் வேய்ந்த கூரையில் கண்ணுக்குப் புலப்படாத சந்துகள் ஆயிரம் உண்டு. புகை அவற்றின் வழியே மெல்லக் கசிந்து போய்விடும். போகிற போக்கில் கூரையின் பூச்சியைக் கொல்லும். பரண்மேல் வைத்த விதைத் தானியத்தையும் உலர்த்தும். அன்றியும், புல்லின் இடையே தங்கும் காற்று உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. அதனால் அவ்வீடு பகலில் காயாமலும் இரவில் சில்லென்று ஆகாமலும் இருந்தது. மழைக்கு ஒழுகாது, தீப்பிடிக்காது, ஆண்டுதோறும் புல் தேட வேண்டாம் என்று நாம் தளத்துக்கும் தகரத்துக்கும் மாறினோம். அது தவறன்று. ஆனால் கூரை தானாகவே செய்துவந்த வேலையைச் சுவர் செய்யும்படி நாம் ஏற்பாடு செய்யவில்லை.

இதனால் விளையும் தீங்கை அளந்து பார்த்தவர்கள் உண்டு. 1981-ஆம் ஆண்டில் கிர்க் ஸ்மித் என்னும் அறிஞர் குஜராத் கிராமங்களில் சமைக்கும் பெண்கள்மேல் கருவிகளைக் கட்டி அளந்தார். நம்முடைய தமிழ்நாட்டிலேயே, சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடன் உழைத்தவர்களும் நான்கு ஜில்லாக்களில் 436 கிராம வீடுகளைச் சோதித்து, 2002-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். விறகும் சாணமும் எரியும் வீடுகளில், சமைக்கும் வேளையில், நுரையீரலுக்குள் புகத்தக்க நுண்தூசி ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. நாள் முழுவதுக்கும் சராசரி பார்த்தால், சமைக்கிறவருக்கு 231. அதே விதமான வீடுகளில் சமையலில் ஈடுபடாதவருக்கு 90. எரிவாயு போன்ற சுத்தமான எரிபொருளுள்ள வீட்டாருக்கு 82. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-ல் விதித்த அளவு நாளொன்றுக்கு 15. அளக்கும் தூசியின் பருமன் இரண்டிலும் சற்று வேறுபடினும், வித்தியாசம் எவ்வளவு பெரிது என்பது விளங்கும்.

231-க்கும் 90-க்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். அது ஒரே விதமான கூரையின்கீழ், சமைக்கிறவருக்கும் சமைக்காதவருக்கும் இடையேயுள்ள தூரம். கடன் மனுவில் கையெழுத்திடுகிறவர் பெரும்பாலும் திண்ணையில் இருக்கிறார். புகையை உண்கிறவர் உள்ளே இருக்கிறார். தாயின் இடுப்பிலுள்ள குழந்தையும் அப்புகையையே உண்கிறது. நாட்பட்ட இருமல், மூச்சிரைப்பு, கண்புரை, குழந்தைகளுக்கு வரும் நிமோனியா ஆகியவற்றோடு இப்புகைக்குள்ள சம்பந்தத்தை வைத்தியர்கள் பல தேசங்களிலும் கண்டிருக்கிறார்கள்.

எரிவாயு வந்தால் எல்லாம் தீர்ந்துவிடும் என்று சொல்லவும் நான் துணியேன். நாகப்பட்டினம், விழுப்புரம் ஜில்லாக்களையும், குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய தேசங்களையும் சேர்த்து, சுமார் 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடைபெற்றது. அதன் முதல் முடிவு 2022-ல் வெளியாயிற்று. எரிவாயு பெற்ற பெண்கள் சுவாசித்த நுண்தூசி, பெறாதவர்களுக்கு இருந்ததில் மூன்றில் ஒரு பங்களவாகக் குறைந்தது. ஆயினும் பிறந்த குழந்தைகளின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. இதைக் கேட்டுப் புகை தீங்கற்றது என்று எவரும் முடிவு செய்யலாகாது. அடுப்பை மாற்றிய உடனே எல்லாப் பலனும் கைகூடிவிடாது என்பதே இதிலிருந்து நாம் அறிவது.

மேலும், 70 வளைவுகளைக் கடந்து சிலிண்டர் மலையேற வேண்டும். மிளகு விற்ற மாதம் எரிவாயு, கையில் பணமில்லாத மாதம் விறகு என்பதே பல வீடுகளின் வழக்கம். ஆகையால் விறகு எரியும் வீட்டையும் சீர்படுத்தியே ஆகவேண்டும்.

ஜன்னலைத் திறவுங்கள் என்று மலையின் கீழிருந்து வருகிறவர்கள் எளிதாய்ச் சொல்லிவிடுகிறார்கள். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில், தை மாதத்து வாடைக்கு எதிரே, கைக்குழந்தையுள்ள தாய் எப்படித் திறப்பாள்? குளிரும் துன்பந்தான். பாயில் படுத்திருப்பவர்மேல் காற்று நேரே வீசினால், உடல் தன் சூட்டை விரைவில் இழந்துவிடும். எனவே கேள்வி, திறப்பதா மூடுவதா என்பதன்று. எவ்விடத்தில் திறப்பது என்பதே. அடுப்புக்கு நேர்மேலே, சுவர் தளத்தைத் தொடும் இடத்தில், ஒரு முழ நீளமும் ஒரு சாண் உயரமுமுள்ள திறப்பு வேண்டும். மழைச்சாரல் விழாதபடி அதற்கு வெளிப்புறம் ஒரு சிறு தாழ்வாரம் வேண்டும். எதிர்ச் சுவரில், படுக்கைக்கு விலகின இடத்தில், தரையண்டை ஒரு சிறு துவாரம் வேண்டும். கீழ்த்துவாரத்தில் குளிர்காற்று புகும். அடுப்பில் சூடேறிய காற்று புகையையும் சுமந்துகொண்டு மேல்திறப்பால் வெளியேறும். இரண்டுக்கும் இடையேயுள்ள உயரம் கூடக்கூட இழுப்பும் கூடும். ஒரே சுவரில் ஒரே மட்டத்தில் இரண்டு ஜன்னல் வைத்தால் செலவு இரட்டிக்கும், பலன் அதற்கேற்ப வராது.

புகைபோக்கி வைத்த அடுப்பு மிக நல்லது. ஆனால் அதன் சரித்திரத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 1983-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டத்தில், 2002 வரையில் தேசமெங்கும் மூன்று கோடிக்கு மேற்பட்ட அடுப்புகள் வைக்கப்பட்டன. அவற்றுள் அநேகம் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டன. குழாயில் படிந்த கரியை எடுப்பாரில்லை; வீட்டுப் பானைக்கும் அடுப்பின் வாய்க்கும் பொருத்தமில்லை. சமைக்கிறவரைக் கேளாமல் வைத்த அடுப்பு நிலைக்குமா? குழாய் கூரையின் முகட்டுக்கு மேல் உயர வேண்டும்; மாதமொரு முறையாவது கரியைத் தட்ட வேண்டும். விறகைப் பிளந்து, மழைபடாத இடத்தில் அடுக்கி, நன்றாக உலர்த்தியே எரிக்க வேண்டும். ஈர விறகின் சூட்டில் ஒரு பங்கு அதன் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே செலவழிந்துவிடும், மிஞ்சுவது புகை.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குளிருக்காகக் கரித்தணலைச் சட்டியிலிட்டு, கதவடைத்த அறையில் வைத்துக்கொண்டு உறங்காதீர்கள். தணல் புகையாது, ஆனால் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்னும் விஷவாயு எழுகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்கினவர் உறக்கத்திலேயே மாண்டுபோவதுண்டு.

சங்கத்தால் ஆகக்கூடியதைச் சொல்லி முடிக்கிறேன். எரிவாயு வாங்குவதற்கென்று தனியாகச் சிறுசேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள விரும்பும் தாய்மார்கள், மிளகு விற்கும் காலத்தில் பணத்தைக் கட்டிவைத்து, வேண்டியபோது எடுத்துக்கொள்ளலாமென்று நிர்வாகக் குழுவுக்கு யோசனை எழுதியிருக்கிறேன். இனி என்னிடம் வரும் வீட்டுக்கடன் மனுக்களோடு சமையலறையின் படம் ஒன்றும் இருக்கவேண்டும். அடுப்பு எங்கே, திறப்பு எங்கே என்று அதில் காட்டவேண்டும். அப்படத்தை வீட்டில் சமைக்கிறவர் பார்த்துச் சம்மதித்தாரா என்றும் கேட்பேன். படம் வரையத் தெரியாதவர்கள் கூச்சப்பட வேண்டாம். இன்று மாலை வரையில் சங்கக் கட்டடத்தில்தான் இருப்பேன். காகிதமும் அளவுகோலும் கொண்டுவந்திருக்கிறேன்.