ஆளுக்குப் பாதி: குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



விழாக் குழுவினர் என்னிடம் பிள்ளைத்தமிழ் பற்றிப் பேசுமாறுதான் கேட்டார்கள். என் முனைவர் பட்ட ஆய்வு அத்துறையில் அமைந்தது என்பதை அவர்கள் அறிவார்கள். ஆனால் அந்த ஆய்வில் நான் காணத் தவறிய ஒன்றைச் சொல்லவே இன்று மனம் விழைகிறது. ஆகவே தலைப்பை மாற்றிக்கொள்ள இசைவு பெற்று, குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி எனப் பருவம் பருவமாகக் குழந்தையைப் பாடிய மொழி நம் மொழி. பெரியாழ்வார் தொடங்கிக் குமரகுருபரர் வரை அதன் அழகை ஐந்தாண்டு எண்ணி எண்ணி வியந்தவள் நான். அவற்றுள் ஒரு பாடலையேனும் ஒரு குழந்தை கேட்டுக் கைகொட்டியிருக்குமா என்னும் வினா மட்டும் ஒருநாளும் எனக்குள் எழவில்லை. பிள்ளைத்தமிழில் குழந்தை பாட்டுடைத் தலைவன் அல்லது தலைவி, கேட்போர் பெரியவர்கள். ஆத்திசூடியிலோ குழந்தை கேட்கத்தான் செய்கிறது. ஆனால் கட்டளையைக் கேட்கிறது. தாலாட்டும் விளையாட்டுப் பாட்டும் தாய்மார் வாயிலும் தெருப் புழுதியிலும் வாழ்ந்தன. ஏட்டிலே, குழந்தையை நேர்நோக்கி, அதன் உயரத்துக்குக் குனிந்து பேசிய புலவர் யார்? பாரதியின் பாப்பாப் பாட்டு 1915-இல் வெளிவந்தது. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை தொடர்ந்தார். அவ்விருவர்க்கும் அது பெரும்பணியின் ஒரு கிளை. அந்தக் கிளையையே தம் மரமாகக் கொண்டவர் வள்ளியப்பா.

இன்றைய புதுக்கோட்டை மாவட்டத்து இராயவரத்தில் 1922 நவம்பர் 7-இல் பிறந்தார். அழகப்பனின் மகன் ஆதலின் 'அழ.', வள்ளியப்பன் என்ற பெயர் வள்ளியப்பா ஆயிற்று. உள்ளூரில் தொடக்கக் கல்வி. பின்னர்க் கடியாபட்டி உயர்நிலைப் பள்ளிக்கு நாள்தோறும் நடை. அந்த நடைவழியிலேயே தோழர்களோடு பாட்டுக் கட்டத் தொடங்கினார் என்பர். வனராஜா கார்ஸன் என்ற திரைப்படத்தையும் கொட்டகையின் கட்டணத்தையும் சேர்த்து அவர் கட்டிய பாட்டைப் பிள்ளைகள் கூவிக்கொண்டு போனார்கள் என்றொரு செய்தி உண்டு. யாப்பு நூல் கைக்கு வருமுன்பே கால் அளந்து தந்த யாப்பு அது. அவருடைய பாடல்கள் பலவற்றில் நடக்கின்ற சிறுவனின் காலடி கேட்பதாக எனக்குத் தோன்றும்.

1940-இல் வை. கோவிந்தன் நடத்திய 'சக்தி' அலுவலகத்தில் காசாளராகச் சேர்ந்தார். அங்கே ஆசிரியராயிருந்த தி. ஜ. ர. இளைஞரை எழுதத் தூண்டினார். எழுதிய முதற்கதையின் பெயர் 'ஆளுக்குப் பாதி'. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன், மீண்டும் வருவேன். அடுத்த ஆண்டில் இந்தியன் வங்கியில் பணி. அங்கிருந்து ஓய்வு பெற்றது 1982-இல். நாற்பதாண்டு, பகலெல்லாம் வங்கி. மிஞ்சிய பொழுதெல்லாம் குழந்தைகள். பாலர் மலர், டமாரம், சங்கு, பூஞ்சோலை என இதழ்கள். ஓய்வுக்குப் பின் கோகுலம். அச்சில் வந்த கோகுலம் 2020-இல் நின்றபோது அவரை நினைத்துக்கொண்டவர் எத்தனை பேரோ, அறியேன்.

'மலரும் உள்ளம்' 1944-இல் வெளிவந்தபோது அதில் இருந்தவை 23 பாடல்கள். பின்னர் அது பெருகிப் பெருந்தொகுதி ஆயிற்று. 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாக முன்னின்றார். தாம் எழுதுவது ஒருபுறம் இருக்க, எழுதுவோரை ஒருங்கு சேர்ப்பதும் தம் கடன் எனக் கொண்டவர். இலக்கிய வட்டம் ஒன்றைப் பத்தாண்டு நடத்திய உங்களுக்கு அதன் அருமையை நான் விளக்க வேண்டுவதில்லை. அழைப்பிதழ் எழுதுவது முதல் நாற்காலி அடுக்குவது வரை அப்பணி யாவும் கவிதைக்கு உரிய நேரத்தைத் தின்பவை.

இனி ஒரு பாடலுக்கு வருகிறேன். லட்டுப் பாட்டு. உங்களில் பாதிப்பேர் இப்போதே மனத்துக்குள் பாடத் தொடங்கியிருப்பீர்கள். வட்டத் தட்டில் எட்டு லட்டு. கிட்டு பாதியை எடுக்க, எஞ்சிய பாதியைத் தங்கை பட்டு தின்ன, கடைசியில் வெறுந்தட்டு. இவ்வளவுதான் செய்தி. இதில் என்ன இருக்கிறது என்று கேட்போர்க்கு ஓர் ஆசிரியையாக விடை சொல்கிறேன். அடிதோறும் இறுதிச் சொல் ஒரே ஓசையில் முடிகிறது. முழுமையான இயைபுத் தொடை. அச்சொற்கள் யாவும் வன்தொடர்க் குற்றியலுகரம். இளங்கலை வகுப்பில் இதை விளக்க எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. நான்கு வயதுக் குழந்தை நாவிலேயே வைத்திருக்கிறது. கணக்கு வேறு இருக்கிறது: எட்டில் பாதி நான்கு, நான்கும் நான்கும் எட்டு, எட்டிலிருந்து எட்டுப் போனால் சுழி. (லகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது என்பதை நான் மறக்கவில்லை. இலட்டு என்று எழுதிப் பாருங்கள், பாட்டு விழுந்துவிடும். கவிஞர் இலக்கணத்தைவிடக் குழந்தையின் வாயை நம்பினார்.)

இவற்றினும் மேலாக நான் போற்றுவது வேறு. அண்ணனுக்கு நான்கு; தங்கைக்கும் நான்கு. ஆண்பிள்ளைக்கு ஒன்று கூடுதல் என்று தட்டில் வைத்துக் கொடுத்த வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். நானும் அப்படி ஒரு வீட்டில் வளர்ந்தவளே. பங்கிட்டு உண் என்று பாட்டில் யாரும் அறிவுரை சொல்லவில்லை. பங்கு நடந்து முடிந்துவிடுகிறது, தட்டு காலி. 'ஆளுக்குப் பாதி' என முதற்கதைக்குப் பெயரிட்ட அந்த இளம் காசாளர் இந்தப் பாட்டிலும் அதே கணக்கைத்தான் நேர் செய்திருக்கிறார்.

அவர் எழுதியவை அனைத்தும் இத்தகையன என்று நான் சொல்ல மாட்டேன். 'பாட்டிலே காந்தி கதை' போன்றவற்றில் வரலாற்றைச் சொல்லி முடிக்கும் கடமை பாட்டின் துள்ளலை அடக்கிவிடுகிறது. கதைப் பாடல்கள் சிலவற்றில் இறுதியடிக்கு வரும்போது ஆசிரியர் பிரம்பை எடுத்துவிடுகிறார். 'பர்மா ரமணி' முதலிய நெடுங்கதைகளைவிடப் பாடல்களே காலத்தை வெல்லும் என்பது என் கணிப்பு. இக்குறைகளைச் சொல்வதும் அவருக்குச் செய்யும் மரியாதையே. குழந்தை இலக்கியத்தைப் பாராட்டி ஒதுக்குகிறோமேயன்றி ஆராய்ந்து மதிப்பதில்லை.

இதனை நான் அறிந்துகொண்ட வரலாறு எனக்குப் பெருமை தருவது அன்று. என் மாணவி ஒருத்தி, அவள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் பெண், கல்வியியல் பட்டப் பயிற்சிக்காக ஓர் ஊராட்சிப் பள்ளிக்குச் சென்று வந்தாள். எழுத்துக் கூட்டவே அஞ்சிய பிள்ளைகள் லட்டுப் பாட்டைப் பலகையில் எழுதியவுடன் விரல் வைத்துப் படித்தார்கள் என்றாள். பாட்டு முன்பே நாவில் இருந்ததால் எழுத்து அதன்பின் ஓடி வந்திருக்கிறது. "அம்மா, இதை யார் எழுதினாங்க?" என்று கேட்டாள். பிள்ளைத்தமிழில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு விடை தெரியவில்லை. யாரோ எழுதியிருப்பார்கள் என்றேன். அன்றிரவுதான் நூலைத் தேடினேன்.

அதற்கு இரண்டாண்டு முன்னர் நடந்ததையும் சொல்ல வேண்டும். பாடத்திட்டக் குழு ஒன்றில் நான் உறுப்பினர். குழந்தை இலக்கியத்தை விருப்பப் பாடமாக வைக்கலாம் என்று மூத்த பேராசிரியர் ஒருவர் முன்மொழிந்தார். பாப்பாப் பாட்டுக்கும் பட்டமா என்று ஒருவர் கேட்க, அவை சிரித்தது. நானும் சிரித்தேன். முன்மொழிந்தவர் தம் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார், மறுபடி பேசவில்லை.

வள்ளியப்பா மறைந்தது எவ்வாறு என்று பின்னர் படித்தபோது அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேரவையில், குழந்தை இலக்கியத்தைப் பல்கலைக்கழகங்கள் பாடமாக்க வேண்டும் என்று வற்புறுத்திப் பேசிவிட்டு அமர்ந்தவர், அங்கேயே மயங்கி வீழ்ந்தார். 1989 மார்ச் 16-இல் உயிர் நீத்தார். அவர் கேட்டது பரிசன்று, பட்டமுமன்று, ஒரு பாடம்.

சாகித்திய அகாதெமி 2010 முதல் சிறார் இலக்கியத்துக்கெனத் தனி விருது வழங்கிவருகிறது. அவ்வாண்டே தமிழில் மா. கமலவேலன் அதனைப் பெற்றார். நூற்றாண்டும் 2022-இல் வந்து போயிற்று. இருந்தும் முதுகலை முடித்து வரும் மாணவரிடம் ஐந்து குழந்தைக் கவிஞர் பெயர் கேளுங்கள், இரண்டோடு நிற்பார்.

கவிஞர்களே, உங்களிடமும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. இந்தப் பத்தாண்டில் இவ்வட்டத்தின் கவியரங்குகள் பலவற்றில் நான் அமர்ந்திருக்கிறேன். நிலவு, மழை, போர், நதி, தாய் எனத் தலைப்புகள் வந்தன. குழந்தையைப் பற்றியும் பாடினீர்கள், கண்ணீர் வரப் பாடினீர்கள். குழந்தைக்கென்று ஒரு பாட்டு இம்மேடையில் ஒலித்ததாக எனக்கு நினைவில்லை. எளிது என்று ஒதுக்கினீர்களா, அரிது என்று அஞ்சினீர்களா? முயன்றவர்கள் அறிவார்கள், நானும் இவ்வாண்டு முயன்றேன். என் தமக்கையின் பேத்தி இரண்டாம் அடியிலேயே எழுந்து போய்விட்டாள்.

பாடத்திட்டக் குழு வரும் மாதம் மீண்டும் கூடுகிறது. அந்த மூத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடம் நேரில் சென்று பழைய தாளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறேன். மடிப்புகூட அப்படியே இருக்கிறது. அதன் கீழ் என் பெயரைச் சேர்த்திருக்கிறேன். வாயிலருகே உள்ள மேசையில் ஒரு படி வைத்துள்ளேன். கையொப்பமிட விரும்புவோர் தேநீருக்குச் செல்லும் முன் இட்டுச் செல்லலாம்.